பிள்ளை வேண்டுவோர் பதிவேடு

சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் முதலாவது பஸ்ஸில் சிவரூபி ஏறிய அன்று, ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள்ள அறுபத்துநான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கலியாணம் முடித்து மூன்று வருடம். வயது முப்பத்திரண்டு. அம்மனிடம் கேட்டாயிற்று, நாட்டு வைத்தியரிடம் கேட்டாயிற்று. அரசாங்கத்திடமும் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம் என்று புறப்பட்டிருந்தாள்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்தது 'மாவட்ட மகப்பேற்று முன்னாயத்த விழிப்புணர்வு ஒருங்கிணைப்பு நிலையம்'. மூன்று மொழிகளிலும் அந்தப் பெயரை எழுதவேண்டியிருந்ததால் பலகையின் ஒரு நுனி பக்கத்துச் சைக்கிள் கடையின் வாசலுக்கு மேலே போய் நின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்களில் இரண்டொருவர் தவறுதலாக உள்ளே வந்து பதிவு செய்துவிட்டுப் போனதாகவும், அவர்களும் அந்த ஆண்டின் பயனாளிகள் தொகையில் சேர்க்கப்பட்டதாகவும் பின்னர் கேள்வி.

நிஷாந்தினி என்ற எழுதுவினைஞர் படிவத்தை விரித்தாள்.

"கூரை ஓடா, தகரமா?"

"ஓடு, மிஸ்."

"வீட்டிலை கதிரை எத்தனை?"

"நாலு. ஒண்டுக்குக் கால் உடைஞ்சுபோச்சு."

'மூன்று; திருத்தக்கூடியது ஒன்று' என்று நிஷாந்தினி அழகான எழுத்தில் எழுதினாள். பிறகு கிணற்றின் ஆழம் கேட்டாள். கடைசியாக வெள்ளம் வந்த வருடம் கேட்டாள். வேறு ஆறு திணைக்களங்கள் தங்களுக்கு வேண்டிய கேள்விகளையும் இந்தப் படிவத்திலேயே ஏற்றிவிட்டிருந்தன.

"மிஸ், பிள்ளையைப் பற்றி எப்ப கேப்பியள்?"

"பொறுங்கோ அக்கா. அது அறுபத்துநாலாவது." நிஷாந்தினி தாளைப் புரட்டினாள். "பிள்ளை வேணுமா? ஓம், இல்லை. ரெண்டிலை ஒண்டு."

"ஓம்," என்றாள் சிவரூபி. நிஷாந்தினி ஒரு சரி அடையாளம் போட்டாள். சிவரூபி 'பிள்ளை வேண்டுவோர் பதிவேட்டில்' முந்நூற்றுப் பதினோராவது ஆளானாள்.

"இனி அஞ்சு வகுப்பு. கணவரும் கட்டாயம் வரவேணும்."

"அவர் கடலிலை மிஸ்."

சிவரூபியின் கணவன் யதுர்ஷன் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாள் படகில் வலை வளைப்பவன். நிலவு வெளிச்சத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நிலவு தேயத் தொடங்கியதும் படகு போகும். இருட்டு முழுவதும் ஆழ்கடலில் நிற்கும். நிலவு வளர்ந்து நிறையப்போகும் நேரத்தில்தான் கரைக்கு வரும். மாதத்தில் எட்டு நாள் அவன் வீட்டில். மிச்ச நாளெல்லாம் கடலில். இது சல்லியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். படிவத்தில் இதற்கு இடமில்லாததால் நிலையத்துக்குத் தெரியாது.

நிஷாந்தினி விதிகளைப் பார்த்தாள். ஒன்பதாம் விதியில் வழி இருந்தது. கணவர் வரமுடியாதவிடத்து அவரது குடும்பத்து ஆண் ஒருவர் பிரதிநிதியாகக் கலந்துகொள்ளலாம். வீடமைப்புத் திட்டக் கூட்டங்களுக்காக எழுதப்பட்ட விதி அது. நன்றாக எழுதப்பட்டிருந்தபடியால் இங்கேயும் சேர்த்திருந்தார்கள்.

இப்படியாக, யதுர்ஷனின் தகப்பன் தம்பையா, அறுபத்தாறு வயதில், 'தந்தையாகும் ஆணின் பொறுப்புகள்' என்ற வகுப்புக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்.

"பிள்ளை, என்னை ஏன் இஞ்சை கொண்டந்தனீ?" என்று அவர் மருமகளிடம் மெல்லக் கேட்டார். "எனக்கு அஞ்சு பிள்ளையள் இருக்கே!"

"பேசாமல் இருங்கோ மாமா. அவருக்காகத்தான்."

முதலில் மங்கல விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்புரை. வரவேற்புரை சொன்னவரை ஒருவர் வரவேற்றார். பத்தரை மணிக்குப் பணிப்பாளர் எழுந்தார்.

"பதினெட்டு மாதங்களில் இந்த நிலையம் நாற்பத்திரண்டு கருத்தரங்குகளையும் ஒன்பது களப்பயணங்களையும் நடத்தியிருக்கிறது என்பதைப் பெருமையோடு கூறுகிறேன். எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று சிலர் கேட்கிறார்கள். இது குறுகிய பார்வை. பிள்ளை பிறப்பது இயற்கை. கருத்தரங்கு நடப்பது நிர்வாகம். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது நிர்வாகம்."

கைதட்டினார்கள். அடுத்ததாகத் திரையில் உடலமைப்புப் படங்கள் வந்தன. கலாசாரக் குழுவொன்று முறைப்பாடு செய்திருந்தபடியால் படங்களின் முக்கியமான இடங்களில் கறுப்புச் சதுரம் போடப்பட்டிருந்தது. பணிப்பாளர் நீண்ட தடியால் ஒரு சதுரத்தைத் தொட்டார். "இது இங்கிருந்து புறப்பட்டு" - அடுத்த சதுரத்தைத் தொட்டார் - "இங்கே வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் அது அங்கே இருந்தால், விளைவு ஏற்படும்."

சிவரூபி கையை உயர்த்தினாள். "சேர், அது எந்த நாளிலை அங்கை இருக்கும்?"

மூன்று வருடமாக அவள் கேட்க நினைத்திருந்த கேள்வி அது. பணிப்பாளரின் முகத்தில் இரக்கம் தோன்றியது.

"தங்கச்சி, கேள்விகளுக்கு இறுதியில் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது."

இறுதியில் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது.

சாப்பிட்ட பிறகு கணவன்மாரின் இரத்தம் எடுத்தார்கள். தம்பையா கணவனின் பிரதிநிதி. ஆகவே கணவனின் இரத்தத்துக்கும் அவரே பிரதிநிதி. நிறை பார்த்தார்கள், அமுக்கம் பார்த்தார்கள், கண்ணும் பார்த்தார்கள். இரண்டு கிழமையில் அறிக்கை வந்தது. 'கணவர்: நீரிழிவு உண்டு. உயர் குருதி அமுக்கம் உண்டு. இடது கண்ணில் வெண்படலம். பிள்ளைப்பேறு இன்மைக்கான காரணம்: கணவர்.'

சிவரூபி அறிக்கையைத் தூக்கிக்கொண்டு நேரே பணிப்பாளரிடம் போனாள்.

"சேர், இது என்ரை மாமாவின்ரை ரத்தம். அவருக்கு முப்பத்தஞ்சு வயசு சேர். என்ரை அவருக்கு."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தகப்பனுடைய இரத்தந்தானே தங்கச்சி மகனிலும் ஓடுகிறது?"

"அதுக்காக சேர்..."

"மனிதன் பிழைவிடலாம். பதிவேட்டில் ஏறிய பிறகு அது பிழை அல்ல, தரவு. உங்கள் ஒருவருக்காக அதைத் திருத்தினால் மற்றத் தரவுகளெல்லாம் தங்களையும் திருத்தச் சொல்லி வரிசையில் நிற்கும்."

நிலவு வளர்ந்து யதுர்ஷன் கரைக்கு வந்தான். அறிக்கையைப் படித்தான். மற்றவர்களென்றால் சிரித்திருப்பார்கள். அவன் சிரிக்கவில்லை. அரசாங்க முத்திரையைத் தடவிப் பார்த்தான். தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாம் என்றான். அடுத்த பயணத்தில் படகிலும் சீனியில்லாமலே குடித்தான். ஏன் என்று கூட வந்தவர்கள் நோண்டி நோண்டிக் கேட்டு விடயத்தைக் கறந்துவிட்டார்கள். மூன்று கிழமை நடுக்கடலில் ஒருவனைப் பகிடி பண்ணுவதற்கு ஐந்து பேர் தாராளம்.

திரும்பி வந்தவன் இரண்டு நாள் கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் குசினி வாசலில் நின்று சொன்னான்.

"ரூபி, காரணம் நான்தானாம். எழுதியே போட்டாங்கள். நீ கொம்மா வீட்டை போறதெண்டாப் போ. வேறை ஒரு வழி பார். நான் உன்னைக் குறை சொல்லமாட்டன்."

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றாள் அவள். ஆனால் அவன் படலையைத் திறந்துகொண்டு போனபிறகு, அரிவாளையும் மீனையும் அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் இருந்து அழுதாள். பிள்ளை இல்லாத வீடு அவளுக்குப் பழகிவிட்டது. அவன் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவள் அழுதுகொண்டிருந்தபோதுதான் பரீனா வந்தாள். பரீனா கிண்ணியாவைச் சேர்ந்த குடும்பநல மாது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை நிறுக்க ஸ்கூட்டரில் வந்தவள், தண்ணீர் குடிக்க இந்தப் படலையைத் திறந்தாள். கடவுள் சில வேளைகளில் மனிதரைத் தாகத்தின் மூலம் அனுப்புகிறார்.

"என்ன புள்ள, மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு?"

சிவரூபி எல்லாவற்றையும் கொட்டினாள். பதிவேடு, சதுரங்கள், மாமாவின் கண். பரீனா தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். சிரிப்பு வந்த இடங்களில் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினாள்.

"அம்மனுக்கும் என்னிலை கோபம் மிஸ்," என்று முடித்தாள் சிவரூபி. "மூண்டு வருசமா ஒரு பௌர்ணமிப் பூசைக்குப் போகக் கிடைக்கேல்லை. சொல்லிவைச்ச மாதிரி அண்டைக்குத்தான் எனக்குத் துடக்கு வாறது."

பரீனாவின் சிரிப்பு நின்றது.

"எல்லாப் பௌர்ணமிக்குமா?"

"ஒரு நாள் முந்திப் பிந்தி வரும். ஆனா அந்த நேரந்தான்."

"ஒங்கட மாப்புள எப்ப ஊட்ட வாறவர்?"

"நிலவுக்குத்தான் மிஸ். வேறை எப்ப?"

"எப்ப போவார்?"

"பூரணை கழிஞ்சு அஞ்சாறு நாளிலை."

பரீனா எழுந்து, சுவரில் தொங்கிய இரும்புக்கடைக் கலண்டரைக் கழற்றி நிலத்தில் வைத்தாள். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தாள்.

"இஞ்ச பாருங்க. ரெத்தம் பட்ட மொத நாள ஒண்டு எண்டு வெச்சு எண்ணுவம். ஒங்களுக்கு இருபத்தொம்பது, முப்பது நாளைக்கு ஒருக்கா வருது. அடுத்தது வாறத்துக்கு ரெண்டு கெழம முந்தித்தான் முட்ட வெளிய வரும். வந்தா ஒரு நாள்தான் நிக்கும். ஆம்புளட வித்து உள்ளுக்கு அஞ்சு நாள் மட்டும் உசிரோட இருக்கும். அப்ப முட்ட வாற நாளும், அதுக்கு முன்னுக்குள்ள அஞ்சு நாளும். அதுதான் புள்ள தங்குற காலம்." ஆறு நாட்களைச் சுற்றிக் கோடு போட்டாள். "இந்த ஆறு நாளும் அவர் எங்க?"

சிவரூபி கலண்டரைப் பார்த்தாள். அந்த ஆறு நாளும் நல்ல இருட்டு.

"கடலிலை."

"ஊட்டுல நிக்கிற நாள்ல?"

"நான் துடக்கு."

வெளியே காகம் ஒன்று வந்து வெட்டாத மீனைத் தூக்கிக்கொண்டு போனது. ஒருவரும் துரத்தவில்லை.

"ஒங்க ரெண்டு பேர்லயும் கொற இருக்கெண்டு இப்பவே சொல்லேலாது புள்ள," என்றாள் பரீனா. "மொதல்ல அவர இருட்டுல ஊட்ட நிப்பாட்டுங்க. அப்பிடியும் தங்காட்டி ரெண்டு பேரையும் நானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறன். அவரிட ரெத்தத்த அவர்லயே எடுப்பாங்க. அதுல வெக்கம் ஒண்டுமில்ல." போகும்போது போலிக் அமில மாத்திரையும் கொடுத்து, இன்றைக்கே தொடங்கச் சொன்னாள்.

இனி, மீனவன் ஒருவன் இருட்டில் கரையில் நிற்பதென்றால் படகுக்காரன் சம்மதிக்க வேண்டும். படகு கலீலுர் றஹ்மானுடையது. யதுர்ஷன் அவர் வீட்டு முற்றத்தில் நின்று, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் சாரன் நுனியைத் திருகினான். கிழவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார். படிவம் ஒன்றும் விரிக்கவில்லை.

"எனக்கு அல்லாஹ் ஏழு புள்ள தந்திருக்கான். ஒனக்கு ஒண்டுக்கு லீவு தராட்டி நாளைக்கு என்னட்டத்தானே கேப்பான்? நீ நில்லுடா. ஒன்ட எடத்துக்கு நான் போறன்."

"முதலாளி, உங்களுக்கு முதுகு..."

"முதுகு என்ட. அத நான் பாத்துக்குவன். பொடியனுகளுக்கு ஒனக்குப் பல்லுவலி எண்டு சொல்லுறன்."

எட்டு வருடமாகக் கடலுக்குப் போகாத மனிதர் போனார். அந்த இருட்டில் பிள்ளை தங்கவில்லை. அடுத்த இருட்டுக்கும் போகிறேன் என்றார். மூன்றாவதற்கு முதுகு விடாது என்றும் சொன்னார்.

அந்த இரண்டாவது இருட்டுக்கு முந்திய கிழமைதான் நிலையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் 'கணவன் மனைவி நெருக்கப் பயிற்சி முகாம்'. மூன்று நாள், தங்கியிருந்து. வராதவர்களின் கோவை விசேட வைத்தியருக்கு அனுப்பப்படமாட்டாது. திகதியைக் கலண்டரோடு வைத்துப் பார்த்தார்கள். பரீனா கோடு போட்டிருந்த நாட்களில் கடைசி மூன்றும் அவைதான்.

"நெருக்கம் எண்டுதானே போட்டிருக்கு," என்றான் யதுர்ஷன். "ஹோட்டல் ரூமும் தருவினம் போலை. போவம்." அவன் நிலாவெளி ஹோட்டல்களைக் கடலிலிருந்துதான் பார்த்திருந்தான்.

முகாமில் இருபத்தைந்து தம்பதியர். ஆண்களுக்குக் கிழக்குக் கட்டடம், பெண்களுக்கு மேற்குக் கட்டடம். நடுவே புல்வெளியில் நைலோன் கயிறு கட்டி, அதற்கு ஒரு காவலாளியும் நிறுத்தியிருந்தார்கள். தொலைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கயிற்றின் இந்தப் பக்கம் மனைவிமாரும் அந்தப் பக்கம் கணவன்மாரும் கதிரைகளில் இருக்க, பணிப்பாளர் நடுவில் நின்று தொடங்கினார்.

"நெருக்கம் என்பது மனதில் இருக்கவேண்டும். உடலால் நெருங்குவதற்கு இந்த நிகழ்ச்சித் திட்டத்தில் ஏற்பாடு செய்யப்படவில்லை. மூன்று நாட்கள் ஒருவரையொருவர் காணாமல் இருந்து, குடும்ப ஒற்றுமை என்றால் என்ன என்று கட்டுரை எழுதுவீர்கள். நானே இதற்கு முன்மாதிரி. இந்த முகாம்களுக்காக இந்த வருடம் நூற்றிருபது நாட்கள் என் மனைவியைப் பிரிந்து..."

சிவரூபி கையை உயர்த்தவில்லை. எழுந்தே நின்றாள்.

"சேர், நாங்கள் வீட்டை போகவேணும்."

"ஏன்? சுகமில்லையா?"

கடலில் அவனுக்காக வலை இழுத்துக்கொண்டிருக்கும் கிழவரின் முதுகை நினைத்தாள்.

"சுகம் சேர். எங்களுக்குப் பிள்ளை தங்கக்கூடிய நாளிலை மிச்சம் இந்த மூண்டுந்தான். மற்ற மாசங்களிலை இந்த நாளுக்கு அவர் கடலிலை."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும். ஏளனச் சிரிப்பல்ல; நெடுநாள் அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது போன்ற சிரிப்பு.

பணிப்பாளர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தார். "அப்படி ஒன்று இதில் இல்லையே."

யதுர்ஷன் கயிற்றை ஒரு கையால் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தான். காவலாளி அவனைத் தடுக்கவேண்டிய ஆள். அவர் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, எந்த நாளெண்டு எப்பிடி எண்ணினனீங்கள்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். சிவரூபி நின்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அந்தப் பெண் தானும் எண்ணினாள். எண்ணி முடித்ததும் எழுந்து அந்தப் பக்கத்தைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, பையை எடுங்கோ!" என்று கத்தினாள். நிலாவெளி பஸ்ஸில் அன்று பகல் நான்கு தம்பதியர் ஏறினார்கள். முகாமில் பணிப்பாளர் விட்ட இடத்திலிருந்து உரையைத் தொடர்ந்தார். ஐம்பது பேருக்கென்று ஆயத்தம் செய்த உரை. ஐம்பது பேருக்கும் ஆற்றினார்.

அதற்குப் பிறகு வந்த பௌர்ணமி கழிந்து பத்து நாளானது. சிவரூபிக்குத் துடக்கு வரவில்லை. பரீனா சோதித்துப் பார்த்தாள். இரண்டு கோடு. சிவரூபிக்கு நம்பிக்கை வரும்வரை மூன்று தரம் காட்டினாள். தம்பையா வேலி மறைவில் போய் நின்று முகத்தைத் துடைத்தார்.

ஆனால் கர்ப்பவதிப் பதிவேட்டில் அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தை அடித்தபோது கணினி ஏற்கவில்லை. 'பிள்ளை வேண்டுவோர் பதிவேட்டில் உள்ளவர்' என்றது. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பதிவேடுகளில் இருக்க ஏலாது. பதிவு இல்லாவிட்டால் கிளினிக் கொப்பி இல்லை, ஸ்கான் இல்லை. ஆகவே சிவரூபி மீண்டும் அந்த நீண்ட பலகையின் கீழே போனாள்.

நிஷாந்தினி கோவையைத் தேடி எடுத்தாள். "இதிலையிருந்து பேரை வெட்டவேணும் அக்கா. வெட்டுறதுக்குக் காரணம் எழுதவேணும்."

"எனக்குப் பிள்ளை தங்கியிட்டுது. அதுதானே காரணம்?"

நிஷாந்தினி படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். காரணங்கள் மூன்று அச்சிடப்பட்டிருந்தன: மரணம், வெளிநாடு செல்லல், பிள்ளை விருப்பமின்மை.

"தங்கினது எண்டு இல்லையோ?"

"இது வரைக்கும் தேவைப்படேல்லை அக்கா."

சேரிடம் கேட்கலாமா என்று சிவரூபி கேட்டாள். அவர் முகாமில். நிஷாந்தினி குரலைத் தாழ்த்தி, "மூண்டாவதிலை சரி போட்டுக் கையெழுத்து வைச்சுவிடுங்கோ. இண்டைக்கே வெட்டிவிடுறன். நீங்கள் நேரே கிளினிக்குக்குப் போகலாம்," என்றாள். சொல்லிவிட்டு, தன்னால் கொடுக்கக்கூடியதாக இருந்த ஒன்றைக் கொடுத்தாள்: தன்னுடைய கதிரையை இந்தப் பக்கம் தள்ளி, இருக்கச் சொன்னாள்.

சிவரூபி இருந்தாள். பேனையை வாங்கினாள். 'எனக்குப் பிள்ளை வேண்டாம் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்' என்ற வரிக்குக் கீழே புள்ளிக்கோடு இருந்தது. அவள் வாழ்நாளில் பொய்க் கையெழுத்து வைத்தவள் அல்ல. பேனை முனை தாளில் படாமல் நின்றது.

பிறகு இடது கையைச் சீலைத் தலைப்புக்குள் விட்டு வயிற்றின் மேல் வைத்தாள். குனிந்து, நிஷாந்தினிக்குக் கேளாதபடி மெல்லச் சொன்னாள்:

"குஞ்சு, அம்மா இதைச் சும்மா எழுதுறன். நீ நம்பிப்போடாதை."

சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.